பராமரிப்பே கிடையாது சார்!

ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி கடந்து போனால் எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள். அடினியம் சார் மட்டும் நிமிர்ந்து தன் வீட்டு மொட்டை மாடியைப் பார்ப்பார். செடிகள் மேல் புழுதி படிந்துவிடுமே என்ற கவலை அவருக்கு.

சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருப்பார், கவனித்துப் பாருங்கள். மாடி முழுக்கத் தொட்டிகள்: பெருத்த அடியோடு அடினியம், முள்ளும் சிவப்புப் பூவுமாக யூபோர்பியா, ஓரமெல்லாம் பத்துமணிப் பூ. யார் போனாலும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "இதுக்குப் பராமரிப்பே கிடையாது சார். தண்ணிகூட வேணாம்."

சொல்லிக்கொண்டே பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். அடினியத்தின் அடியை விரலால் அமுக்கிப் பார்ப்பார். கல் மாதிரி இருந்தால் முகம் மலரும். கொஞ்சம் கொழகொழத்தால் போச்சு, அழுகல்! கத்தியை எடுத்து அழுகினதைச் சீவி, நிழலில் காயவைத்து, மணலும் செங்கல் பொடியும் மக்கின தொழுவுரமும் கலந்து மறுபடி நடும்வரை வந்தவருக்குக் காபி கிடையாது.

ஐப்பசி பிறந்தால் தூக்கம் போய்விடும். வேரில் ஈரம் நின்றால் ஆகாது என்று நடுராத்திரி எழுந்து தொட்டிகளைத் தகரக் கூரைக்கடியில் நகர்த்துவார். "என்னங்க, கொடியில துணி நனையுது" என்று கீழிருந்து குரல் வரும். துணி காயும், அடினியம் காயுமா?

"பகல்ல இதுல சிலது மூச்சை அடக்கிக்கும். ராத்திரிதான் இலைத்துளை திறந்து காத்து வாங்கும். தண்ணிய மிச்சம் பிடிக்கத்தான்" என்பார். அது உண்மைதான். பிள்ளைகள் கிட்டே வந்தால் அடுத்த பாடம்: ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவிய விஷம் இந்த அடினியப் பாலிலிருந்து வந்தது. பிள்ளைகள் மாடிப்படி இறங்கிவிடுவார்கள். அவருக்கும் அதுதான் வேண்டும்.

அவருடைய அம்மாவுக்கு இதெல்லாம் பிடிபடவேயில்லை. "கள்ளிய வேலியில வெப்பாங்க. இவன் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள வெக்கிறான்." கிழவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சப்பாத்திக்கள்ளி நிலத்தையெல்லாம் அடைத்துக்கொண்ட காலத்தில், அதை அழிக்க 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியையே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தாத்தா காலத்தில் அழித்ததைப் பேரன் நர்சரியில் பேரம் பேசி வாங்குகிறார்! அதே அம்மா வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டிய கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்காகப் பச்சையாகவே தொங்குகிறது. பராமரிப்பே இல்லாத செடி அந்த வீட்டில் அது ஒன்றுதான். சார் அதைப் பார்க்காத மாதிரியே உள்ளே போவார்.

அந்தப் பக்கம் போனால் அவரைப் பாருங்கள், நல்ல மனுஷர். ஆனால் கையில் பை மட்டும் வேண்டாம். பையைக் கண்டால் கேட்காமலே ஒரு கிளையை ஒடித்துப் போட்டுவிடுவார். அப்புறம் மாதாமாதம் போன் வரும்: "நம்ம செடி எப்படி இருக்கு?"