வாயில் நுழையாத பெயர்கள்

ஆளப் பிறந்தவர்களுக்கு உலகம் முழுக்க ஒரே உடற்குறை. நாக்கு மடங்காது. பீரங்கியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஏழு கடல் தாண்டி வருவார்கள். வந்த இடத்தில் மலைக்கு உயரம் அளப்பார்கள், ஆற்றுக்கு ஆழம் பார்ப்பார்கள், மண்ணுக்கு வரி போடுவார்கள். அந்த மண்ணில் நிற்கிற ஆளின் பெயரை மட்டும் சொல்ல வராது. நியாயமாக மருத்துவரிடம் காட்ட வேண்டிய குறை. ஆனால் ஆள்பவனுக்கு நாக்கில் கோளாறு என்றால் அறுவை சிகிச்சை ஆளப்படுகிறவனின் பெயருக்குத்தான் நடக்கும். அந்தக் கத்திக்குச் சட்டம் என்று பெயர்.

ஆங்கிலேயரிடமிருந்து தொடங்குவோம், வரிசையில் முதலிடம் தராவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். பன்னிரண்டு எழுத்தில் ‘சொல்மொண்டெலி’ என்று எழுதிவிட்டுச் ‘சம்லி’ என்று வாசிக்கிற மேதைகள் அவர்கள். பிரபுக்களின் பெயருக்காக அத்தனை பாடும் படுகிற நாக்கு, 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் வந்திறங்கிய கூலிகளைக் கண்டதும் மரத்துப்போயிற்று. ஆளுக்கொரு காலனி எண் போட்டார்கள். குமாஸ்தாவின் காதில் எது விழுந்ததோ அது பெயர். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். முனுசாமி, கோவிந்தசாமி, ராமசாமி எல்லாரும் துரைக்கு ஒரே ‘சாமி’. முன்பாதியை வெட்டிக் கடலில் வீசிவிட்டு வாலை வைத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு அந்த வாலும் இல்லை. எந்த ஊரில் பிறந்து எந்தக் குலசாமி பெயரைச் சூடியவளானாலும் ‘மேரி’. 1893இல் பாரிஸ்டர் பட்டத்தோடு போய் இறங்கிய காந்தி ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். ‘சாமி’ வந்த கதையைத் தன் சுயசரிதையில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

ஸ்பானியர்கள் இதைவிட முறையானவர்கள். பிலிப்பைன்ஸ் மக்கள் பலருக்குக் குடும்பப்பெயர் வைக்கும் வழக்கமே இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர்களோ பாதிரிகள் கற்றுக்கொடுத்த சிலுவையையும் புனிதர்களையும் ஊர் ஊராகச் சூட்டிக்கொண்டிருந்தார்கள். வரி வாங்கப் போன அதிகாரிக்கு எந்த ‘டெ லா குரூஸ்’ எவன் என்று விளங்கவில்லை. கவர்னர் ஜெனரல் நர்சிசோ கிளாவேரியா 1849 நவம்பர் 21 அன்று ஆணை போட்டார். சுமார் 60 ஆயிரம் பெயர்கள் கொண்ட அகரவரிசைப் புத்தகம் அச்சாயிற்று. பொட்டலம் கட்டப் பழைய பேப்பரைக் கிழிப்பதுபோல் அதைத் தாள் தாளாகப் பிரித்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். ‘ஆர்’ தாள் போய்ச் சேர்ந்த ஊரில் பெயரெல்லாம் ‘ஆர்’. அல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊரில் இன்றைக்கும் ஏராளமான குடும்பங்களுக்கு அந்த எழுத்துதான் தலையெழுத்து. வரிக்கணக்கு நேரானது. முப்பாட்டன் யார் என்ற கணக்கு கோணலானால் கஜானாவுக்கு என்ன நஷ்டம்?

கனடா அரசு புத்தகம் அச்சடிக்கும் செலவையும் மிச்சம் பிடித்தது. வடதுருவப் பனியில் வாழும் இனுயிட் மக்கள், இறந்தவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைப்பார்கள். பெயரோடு உறவும் சேர்ந்து வரும். கணவனின் பெயரைத் தாங்கிய பேரனைப் பாட்டி ‘என் கணவரே’ என்று கூப்பிடலாம். மாமனார் பெயரை மகனுக்கு வைத்துவிட்டு, அதைச் சொல்லிக் கூப்பிட முடியாமல் ‘அய்யா, ராசா’ என்று சமாளித்த நம் வீட்டு மருமகள்களுக்கு இது சட்டென்று புரியும். ஒட்டாவா அலுவலகத்துக்குப் புரியவில்லை. 1941 முதல் ஆளுக்கொரு வில்லை வழங்கினார்கள்: ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் எண். கிழக்கே இருந்தால் ‘ஈ’, மேற்கே இருந்தால் ‘டபிள்யூ’. கழுத்தில் மாட்டிக்கொள்ள வசதியாக ஓட்டையும் போட்டுக் கொடுத்தார்கள், கருணைக்குக் குறைவில்லை. பாடகி லூசி இட்லவுட் தன் இசைத்தொகுப்புக்குத் தாயின் எண்ணையே தலைப்பாக வைத்தார்: ‘ஈ5-770’. வில்லைகளை ஒழித்துக் குடும்பப்பெயர் பதிவுசெய்ய 1960களின் கடைசியில் ஊர் ஊராகப் போனவர் ஏப் ஒக்பிக் என்ற இனுயிட்காரர். அவர்களை எண்ணாக்கியது அரசு. ஆளாக்குகிற வேலையை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பழங்கதை என்று நினைப்பவர்களுக்காக: 2009இல் டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர் பெட்டி பிரவுன், வாக்காளர் அடையாளம் பற்றிய விசாரணையில், அமெரிக்கர்கள் கையாளச் சுலபமான பெயர்களை ஆசியர்கள் வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார். சம்பந்தப்பட்டவர்களும் அமெரிக்கர்கள்தான் என்பது அம்மையாரின் கணக்கில் வரவில்லை. 2020 அக்டோபரில் செனட்டர் டேவிட் பெர்டியூ ஜார்ஜியா மேடையில் ‘கமலா’ என்ற மூன்றெழுத்தில் தடுக்கித் தடுக்கி விழுந்தார். கூட்டம் சிரித்தது. சென்னையில் பிறந்த தாய் வைத்த பெயர் அது. அந்தப் பெண்மணியோடு ஒரே செனட்டில் மூன்றரை ஆண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தவர் அவர். வாய் தவறிவிட்டது என்றது அவர் தரப்பு. எவ்வளவு பாவப்பட்ட வாய்!

சரி, நாக்குக் குறையுள்ளவர்களை விட்டுவிடுவோம். நாக்கு நன்றாக வேலை செய்தவர்கள் என்ன செய்தார்கள்?

கொரியாவை ஆண்ட ஜப்பான், 1940 பிப்ரவரி 11 முதல் ஆறு மாதத்துக்குள் ஜப்பானிய முறையில் குடும்பப்பெயரைப் பதிந்துகொள்ளச் சொன்னது. கட்டாயம் இல்லை, விருப்பம்தான். மாற்றாதவன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும் வேலை கேட்கப் போனாலும் அந்த விருப்பத்தின் எடை தெரியும். சுமார் 80 விழுக்காடு குடும்பங்களுக்கு ஆறே மாதத்தில் விருப்பம் பொங்கிவிட்டது.

பல்கேரியாவில் தோழர் தோடோர் ஷிவ்கோவ் 1984 டிசம்பரில் தொடங்கினார். துருக்கியர்கள் சுமார் எட்டு லட்சம் பேர். ஊரைப் படை சூழும், பட்டியல் நீட்டப்படும், அதிலிருந்து ஒரு பல்கேரியப் பெயரை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். செத்தவர்களுக்கும் பதிவேட்டில் பெயர் மாற்றினார்கள். இதற்கு அவர்கள் சூட்டிய நாமம் ‘மறுமலர்ச்சி’. பளுதூக்கும் வீரர் நயிம் சுலைமானோவை ஒரே நாளில் ‘நவும் ஷலமானோவ்’ ஆக்கினார்கள். அவர் 1986இல் மெல்பர்ன் போட்டியோடு தப்பித் துருக்கிக்கு ஓடினார்; ‘நயிம் சுலைமானோக்லு’ என்று 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் தூக்கினார். பறிக்கப்பட்ட பெயரை மீட்ட பெருமையில் துருக்கி பூரித்தது.

அதே துருக்கி, 1934இல் குடும்பப்பெயர்ச் சட்டம் போட்டபோது ஆர்மீனியர், கிரேக்கர் பெயர்களின் விகுதிகளைத் தடைசெய்த நாடு. அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியபோது ‘கியூ, டபிள்யூ, எக்ஸ்’ மூன்றுக்கும் இடம் தரவில்லை. அந்த எழுத்துகளைக் கொண்ட குர்து பெயர்களைப் பல பத்தாண்டுகள் பதிவேட்டில் ஏற்கவில்லை. இணைய முகவரிக்கு முன்னால் மூன்று ‘டபிள்யூ’ எழுதலாம், தேசத்துக்கு ஆபத்தில்லை. குர்துக் குழந்தையின் பெயரில் ஒன்று எழுதினால் நாடு உடைந்துவிடும். அடுத்த வீட்டுக்காரன் திருடினால் மட்டும் அது திருட்டு.

ஜெர்மானியர்களுக்கு எல்லாப் பெயரும் சுத்தமாகச் சொல்ல வந்தது. அதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. யூதர்களும் ஜெர்மானியர் வைக்கும் பெயர்களையே வைத்திருந்தால் யாரைப் பிடிப்பது? 1938 ஆகஸ்ட் 17 ஆணைப்படி, அரசின் பட்டியலில் உள்ள யூதப் பெயர் இல்லாதவர்கள் ஆணானால் ‘இஸ்ரேல்’, பெண்ணானால் ‘சாரா’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயர்ச் சட்ட வேலையில் கைதேர்ந்த உள்துறை அதிகாரி ஹான்ஸ் குளோப்கே. போர் முடிந்தது. அவருக்கு என்ன தண்டனை? 1953 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மனிச் சான்சலர் அலுவலகத்தின் தலைமைப் பதவி. நல்ல குமாஸ்தாவை எந்த அரசும் வீணாக்காது.

இதுவரை உச்சுக்கொட்டிக்கொண்டு வாசித்த தமிழ்ப் பெருமக்களே, இனி நம் தெரு.

கருப்பசாமியும் மாடசாமியும் முனுசாமியும் சேரியிலிருந்து வந்து வயலில் இறங்குகிறார்கள். வரப்பில் நிற்கிற பண்ணையார் தமிழர். அந்தப் பெயர்களைத் தாய்ப்பாலோடு குடித்தவர். ஆனால் தன் நிலத்தில் சேறு மிதிக்கிறவனைத் தன் வாயால் சாமி என்பதா? வெட்டினார். கருப்பசாமி ‘கருப்பா’ ஆனான். மாடசாமி ‘ஏலே மாடா’ ஆனான். எழுபது வயதுக் கிழவரைப் பண்ணையின் ஏழு வயதுப் பேரனும் அப்படியே கூப்பிட்டான். நேட்டால் துரை தலையை வெட்டிச் ‘சாமி’யை வைத்துக்கொண்டான், நம்மூர்த் துரை ‘சாமி’யை வெட்டித் தலையை வைத்துக்கொண்டார். இரண்டு துரைகளும் கூடி உட்கார்ந்தால்தான் அந்த மனிதனுக்கு ஒரு முழுப்பெயர் தேறும்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. பட்டம் போடுவது வெட்கக்கேடு என்கிற நிலை வந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், படுகிறோம், மேடைக்கு மேடை படுகிறோம். பெயரில் வெட்டிய வால் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் வண்ணக் கயிறாக முளைத்திருக்கிறது. 2024இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு அதற்குத் தடை கேட்டது.

இப்போது புதிதாக ஒரு கப்பல் வந்திருக்கிறது. ரயில் என்று சொல்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, நம் மெட்ரோவுக்குக் குழி தோண்டி, நம் அடுக்ககத்துக்குக் கம்பி கட்டி, நம் ஓட்டலில் தோசைக்கல் துடைக்கிறவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? ‘பையா.’ கோபம் வந்தால் ‘வடக்கன்.’ ராம், லட்சுமண், கிருஷ்ணா, கணேஷ் என்றெல்லாம் பெற்றோர் வைத்த பெயர்கள். நம் தெருவில் கதவுக்குக் கதவு இருக்கிற பெயர்கள். எந்த நாக்கு இதற்கு மடங்காது?

நேட்டாலில் நம்மைச் ‘சாமி’ என்று கூப்பிட்டதற்காக ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கோபப்படுகிறோம். நியாயமான கோபம். அந்தக் கோபத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள ஆசையிருந்தால், கம்பி கட்டுகிறவனிடம் போய்ப் பெயர் கேளுங்கள். அவன் சொன்னபடியே திருப்பிச் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் நடுத்தெருவில் கிளாவேரியாவுக்கு ஒரு சிலை எடுத்துவிடுங்கள். சிலை வைப்பதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்வெட்டில் அவர் பெயரை மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் பொறித்துவிடுவோம்; ஆண்டவர்களின் பெயர் நமக்கு என்றைக்கும் வாயில் நுழையாமல் போனதில்லை.