மிடில் எர்த்துக்கு ஒரு பீரோ

டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எங்கள் வீட்டில் ஒரே ஒரு பிரதிதான். அட்டை போய், முதல் இரண்டு தாளும் போய், ரப்பர் பேண்டில் உயிர் பிழைத்திருக்கிறது. அதை விளக்க வந்த புத்தகங்களோ ஒரு பீரோ நிறைய, முனை மடங்காமல் நிற்கின்றன. மனைவியின் பட்டுப்புடவைகளுக்கென்று வாங்கிய பீரோ அது. பெங்களூர் ஜோகுபாளையத்து வாடகை வீட்டில் இன்னொரு பீரோ சாத்தச் சுவர் கிடையாது என்பதால் புடவைகள் கட்டிலுக்கடியில் சூட்கேஸுக்குக் குடிபெயர்ந்தன.

குற்றத்தில் பாதி மெட்ரோவைச் சேரும். அல்சூரில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் எம்.ஜி. ரோடு; இறங்கினால் சர்ச் ஸ்ட்ரீட், பழைய புத்தகக் கடைகள். குடும்பஸ்தனுக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கக் கூடாது.

முதலில் அகப்பட்டது 1978-ல் வந்த ராபர்ட் ஃபாஸ்டரின் கையேடு. டோல்கீனின் கற்பனை உலகமான மிடில் எர்த்தின் அரசர்கள் மட்டுமல்ல, குதிரைகளும் வாள்களும்கூட அதில் அகரவரிசையில் நிற்கின்றன. அடுத்தது கேரன் வின் ஃபான்ஸ்டாடின் அட்லஸ் (1981). புவியியல் படித்த அம்மையார், இல்லாத ஒரு நாட்டுக்குத் தட்பவெப்ப வரைபடம் போட்டிருக்கிறார்; தாவரங்களுக்கு ஒன்று, மொழிகளுக்கு ஒன்று தனியாக. கதாநாயகன் ஃப்ரோடோ எந்த நாளில் எத்தனை மைல் நடந்தான், இரவு எங்கே படுத்தான் என்பதும் உண்டு. என் பீரோவில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானால் நான் இதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

நம் வீடுகளில் அப்பா விட்டுப்போன காகிதக் கட்டுகள் பழைய பேப்பர்காரருக்குப் போகும். டோல்கீன் 1973-ல் காலமான பிறகு மகன் கிறிஸ்டோபர் அவர் விட்டுப்போன கட்டுகளைப் பிரித்து, 1983-லிருந்து 1996 வரை 12 பாகங்களாகப் பதிப்பித்துவிட்டார். அடித்தது, திருத்தியது, பாதியில் கைவிட்டது எல்லாம் இருக்கிறது. கடைசியில் முடிசூடப்போகிற அரகார்ன், முதல் வரைவில் மரச்செருப்பு மாட்டிய, ஹாபிட் என்ற சிற்றுருவ இனத்தவன், பெயர் ட்ராட்டர். இதைப் படித்த இரவு தாங்க முடியாமல் மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

“கடைசியில ராஜா ஆயிட்டாரில்ல? தூங்குங்க” என்றாள்.

ஸ்கல்–ஹாமண்ட் தொகுத்த வழிகாட்டி வேறு ரகம். டோல்கீன் எந்தத் தேதியில் எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்பதுவரை காலவரிசையாக இருக்கும். 2006-ல் இரண்டு பாகம். அதை வாங்கி மூச்சு விடுவதற்குள், 2017-ல் விரிவாக்கி மூன்றாக்கிவிட்டார்கள். இதைத் தொகுத்தவர்கள் கணவனும் மனைவியும் என்று வீட்டில் இரண்டு முறை அழுத்திச் சொன்னேன்.

“அவங்க வீட்ல எத்தனை பீரோ?” என்று கேட்டாள்.

இந்த வம்பே வேண்டாமென்று உள்ளூர்க் கற்பனைக்கு மாறிப் பார்த்தேன். 1930-ல் இதே பெங்களூரில், பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில் நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தபோது, ஒரு சின்ன ரயில் நிலையத்தோடு தன் கற்பனை ஊரான மால்குடி கண்ணில் பட்டதாக ஆர்.கே. நாராயணே சொல்லியிருக்கிறார். மல்லேஸ்வரத்தின் தலையும் பசவனகுடியின் வாலும் சேர்ந்ததுதான் மால்குடி என்று இங்கே ஒரு கதை உலவுகிறது. நான் அதை நம்புவதில்லை. நடுவில் ஜோகுபாளையத்துக்கு ஒரு எழுத்துகூட ஒதுக்காத கதையை நான் ஏன் நம்ப வேண்டும்?

சேகரிப்பவனுக்கு நாராயண் பெரிய ஏமாற்றம். வம்சாவளி இல்லை, புராதன மொழி இல்லை, பின்னிணைப்பு இல்லை. சரயு நதியும் கபீர் தெருவும் மெம்பி மலையும் கதைக்கு வேண்டியபோது வருகின்றன, போகின்றன. டோல்கீன் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி வைத்தார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புத்தகம் முளைத்தது. நாராயண் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அப்போதும் ஆய்வாளர்கள் விடவில்லை. ஃபென்னலி என்ற அமெரிக்கர் நாவல்களில் தடயம் பொறுக்கி மால்குடிக்கு வரைபடம் போட்டார். ‘மால்குடி டேஸ்’ முன்னுரையில் நாராயண், ஊர் எந்த மேப்பிலும் இல்லை என்று சொன்ன கையோடு, சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் இலக்கிய அட்லஸ் ஒன்று அதை இந்தியாவில் குறித்திருப்பதாகவும் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொடுத்துவிட்டார்.

போட்டுக்கொடுத்திருக்க வேண்டாம். இப்போது அந்த அட்லஸைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். ரொம்ப மெல்லிசான புத்தகம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.