மைக் ஆட்டோ அறிவிப்பின் பாடபேதங்கள்: வேலூர்க் கோடையை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் பதிப்பியல் பேசுகிறவர்கள் ஏட்டுச்சுவடி, கல்வெட்டு, செப்பேடு என்ற மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். சித்திரை பிறந்ததும் தெருத்தெருவாக வந்து, எவர் காதிலும் முழுதாகச் சிக்காமல் மறைந்துபோகும் நாலாவது வகை ஒன்று உண்டு. ஆட்டோக் கூரையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் பிறக்கும் கோடைக்கால அறிவிப்பைச் சொல்கிறேன். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். இவ்வாய்வாளனுக்கு அந்த அலைச்சல் இல்லை. தெருவுக்கு ஒரு வாசற்படியில் நின்று, "மைக் ஆட்டோ இன்னா சொல்லிட்டுப் போச்சு?" என்று கேட்டால் போதும். வீட்டுக்கு ஒரு பாடம் கிடைக்கும். எந்த இரண்டும் ஒத்துப்போகாது.

ஆய்வுக்களமாக வேலூரைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 2008-இல் மாநகராட்சி ஆயிற்று, 60 வார்டும் உண்டு. ஆனால் சத்துவாச்சாரியில் ஒருவருக்குத் தெரிந்த செய்தி கொணவட்டத்தை எட்ட ஒரு பகல் போதும், அந்த அளவுக்குச் சிறிய ஊர். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாயில் வரும் காவிரியைக் குடிக்கும் ஊரும்கூட. ஆகவே தண்ணீர் பற்றிய எந்தச் சொல்லுக்கும் இங்கே காது கூர்மை. வெயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கத்திரி வெயிலுக்கும் யாராவது விண்ணப்பித்திருந்தால் இந்நேரம் கிடைத்திருக்கும்.

இவ்வகை நூலுக்கு மரபு உண்டா என்று கேட்பார்கள். உண்டு. மணிமேகலையின் முதற்காதையான விழாவறை காதையே ஒரு நகர அறிவிப்புத்தான். முரசறைவோன் யானைப் பிடரியில் முரசை ஏற்றிக்கொண்டு புகார் நகரத்துக்குச் செய்தி சொல்கிறான். பூரண கும்பம் வையுங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள், தெருவில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள் என்று பட்டியல் நீள்கிறது. விழா 28 நாள். அது சித்திரையை ஒட்டியது என்பது சிலப்பதிகாரத்தால் தெரிகிறது. நம் அக்னி நட்சத்திரமோ மே 4-இல் தொடங்கி 28 வாக்கில் முடியும், 25 நாள். மூன்று நாள் குறைவதை ஏடெழுதுவோர் பிழை எனக் கொள்க.

இனி இயற்பியல். யானை மணிக்கு 4.5 கிலோமீட்டர் நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். வாசலுக்கு இப்பக்கம் 50 மீட்டர், அப்பக்கம் 50 மீட்டர் வரை சொல் புரியும் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த நூறு மீட்டரைக் கடக்க யானைக்கு 80 நொடி ஆகும். ஓர் அறிவிப்பின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே புகாரில் ஒவ்வொரு வீடும் செய்தியை முழுதாகக் கேட்டது. மணிக்கு 18 கிலோமீட்டரில் போகும் ஆட்டோவுக்கு அதே தூரம் 20 நொடிதான். வீட்டுக்குக் கால் பாகம். அது எந்தக் கால் என்பது உங்கள் வீடு தெருவில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதில் குக்கர் விசிலுக்கு மூன்று நொடியும், ஆட்டோவைத் துரத்தும் நாய்க்கு ஐந்து நொடியும் கழித்துக்கொள்ள வேண்டும்.

இடையில் தண்டோரா இருந்தது. பறையடிப்பவர் தெருமுனையில் நின்று, கூட்டம் சேர்ந்த பிறகு, முதலிலிருந்து கடைசிவரை சொல்லிவிட்டுத்தான் நகர்வார். பாடபேதத்துக்கு இடமே இல்லை. ஆனால் அந்த வேலையைச் சாதி பார்த்துச் சிலர் தோளில் மட்டும் ஏற்றியிருந்தார்கள். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோராவை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றது. நூறு ஆண்டு முன்பே செய்திருக்க வேண்டியது. தெருமுனையில் நிற்கும் வழக்கத்தை மட்டும் வண்டிக்கும் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் இக்கட்டுரை இல்லை.

பாடங்களுக்கு வருவோம். வெயில் பற்றிய பகுதியில்தான் சிதைவு மிகுதி, ஏனென்றால் அதற்கு இரண்டு அளவுகோல். பத்திரிகை இன்றும் பாரன்ஹீட்டில் எழுதும். 100-ஐத் தொட்டால் "வெயில் சதமடித்தது". எச்சரிக்கை விடும் வானிலைத் துறை செல்சியஸில் பேசும். இரண்டையும் கேட்ட தோட்டப்பாளையத்துப் பெரியவர் ஒருவர், "பேப்பர்ல 104 போட்டிருக்கான், ஆட்டோல 40-ன்றான், அறுபத்தி நாலு டிகிரிய யார் எடுத்தது?" என்றார். வெப்ப அலை என்னும் பட்டத்துக்கான விதி இன்னும் நுட்பமானது. சமவெளியில் 40 டிகிரி செல்சியஸ் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூட வேண்டும், இல்லாவிட்டால் ஒரேயடியாக 45-ஐத் தொட வேண்டும். மே மாதத்தில் இயல்பே நாற்பதை ஒட்டி நிற்கும் ஊருக்கு இந்தப் பட்டம் எளிதில் வாய்க்காது. எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு முன்னேற்றப் பரிசு கிடைக்காத கதைதான்.

"பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வருவதைத் தவிர்க்கவும்" என்ற தொடரின் பாடம் எல்லா வீட்டிலும் தெளிவாகவே உள்ளது. காரணம், அதைச் சொல்லும் வண்டி வருவது பன்னிரண்டரைக்கு. என்ன சொல்கிறான் என்று கேட்க எல்லோரும் வெளியே வருகிறார்கள்.

வரியும் கொசுவும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் அவற்றில் கலப்புப் பாடம் அதிகம். அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சம் 5,000 ரூபாய். இரண்டாயிரம் கட்டுகிறவருக்கு நூறு மிச்சம். இந்தச் செய்தியின் வால் அறுந்து அடுத்ததன் தலையோடு ஒட்டும்போது, "தேங்கிய நீரில் கொசுப்புழு வைத்திருப்போருக்கு 5 சதவீதம்" என்ற அரிய பாடம் வேலப்பாடியில் கிடைத்தது. அபராதமா ஊக்கமா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர்.

ஒரு பாடம் மட்டும் சிரிப்பதற்கில்லை. "தொட்டி, டிரம்களை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவும்" என்பதில் "தேய்த்து" பல தெருக்களில் விழுந்துவிடுகிறது. "கழுவவும்" மட்டும் மிஞ்சுகிறது. கோடையில் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வருவதால் வீடெங்கும் டிரம்மும் குடமும் நிறைந்திருக்கும். டெங்குக் கொசுவுக்கு அந்தத் தெளிந்த நீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் போதும். அதனால்தான் வாரக் கணக்கு. முட்டை நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் கொசுவுக்குப் புதுத்தண்ணீர் பிடித்துக்கொடுத்ததாகும். தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வேண்டும்.

உப்புச் சர்க்கரைக் கரைசலும் அப்படித்தான். அரசு மருத்துவமனையில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். லிட்டர் என்ற சொல் காதில் விழாத வீட்டில் அது ஒரு டம்ளர் ஆகிவிடுகிறது. குழந்தைக்கு அவ்வளவு உப்பு ஆபத்து. இந்த ஒரு வரிக்காவது வண்டி நின்று போகலாம்.

மின்தடை அறிவிப்பு ஆட்டோவில் வருவதில்லை, நாளிதழின் உள்பக்கத்தில் வரும். பராமரிப்புப் பணி, காலை 9 முதல் மாலை 5 வரை, பிறகு ஊர்ப்பெயர்கள், முடிவில் "அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்". உலகில் எந்த இடமும் ஏதோ ஒன்றைச் சுற்றியுள்ள பகுதிதான் என்பதால் இதில் பாடபேதம் எழ வழியில்லை. நீர்மோர்ப் பந்தல் அறிவிப்பிலும் குழப்பம் இல்லை. பேனரே பந்தலைவிடப் பெரிது. அப்பூதியடிகள் திங்களூரில் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்குத் தம் பெயரை விட்டு, தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டினார். இன்றும் பந்தல் வைப்பவர் பெயர் கீழே சின்னதாக, தலைவர் பெயர் மேலே பெரிதாக. சைவ மரபு அறுந்துவிடவில்லை.

இத்தனை சிதைந்த நூல் எப்படிப் பயன்படுகிறது? பயன்படுகிறது என்பதில் ஐயமில்லை. சொன்ன நாளில் தண்ணீர் பிடிக்க எல்லோரும் குடத்தோடு நிற்கிறார்கள். இவ்வாய்வின் துணிபு இதுதான்: ஆட்டோ தருவது மூலப்பொருள் மட்டும், செய்தியை முடிப்பது தெரு. தலை கேட்டவர் எதிர்வீட்டுக்காரர், நடு கேட்டவர் மாவு மிஷின் அக்கா, வால் கேட்டவர் தெருமுனை டீக்கடைக்காரர். மூவரும் சேர்ந்தால்தான் தேதி வரும். முன்பகை காரணமாக ஓராண்டாகப் பேசாத இரண்டு வீடுகள், "நாளைக்குக் காவேரித் தண்ணியா, போர் தண்ணியா?" என்ற கேள்விக்காகப் பேசிக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். தெளிவான அறிவிப்பு இதைச் செய்திருக்காது. தெரு வாட்ஸ்அப் குழுவில் முத்திரையோடு முழு அறிவிப்பும் வருவது உண்மைதான். யாரும் அதைத் திறப்பதில்லை, கீழே கைகூப்பிவிட்டுப் போகிறார்கள்.

பல வாசல்களின் பாடங்களை ஒப்புநோக்கி அமைத்த செம்பதிப்பு வருமாறு. அடைப்புக்குள் இருப்பவை ஐயப்பாடுள்ளவை:

"பொதுமக்கள் கவனத்திற்கு. கோடைக்காலத்தை முன்னிட்டு (ஒரு நாள் விட்டு ஒரு நாள் / நாலு நாளைக்கு ஒருமுறை) காலை (ஆறு / ஏதோ ஒரு) மணிக்குக் குடிநீர் வழங்கப்படும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இணைப்பு (துண்டிக்கப்படும் / யாரைச் சொல்றான்னு தெரியும்). தொட்டிகளைத் தேய்த்துக் கழுவவும். வரியைச் செலுத்தி 5 சதவீதம் (பெறவும் / கொசு). பறவைகளுக்கு மாடியில் நீர் வைக்கவும். அந்த நீரையும் வாரம் ஒருமுறை மாற்றவும். மேலும் முக்கியமாக..."

இதற்குப் பின் ஒரு வாக்கியம் இருந்தது என்பதை எல்லா வீடுகளும் உறுதி செய்கின்றன. அது என்னவென்று எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை. "நாய் குலைச்சிடுச்சு சார்" என்கிறார்கள்.