கடவுளுக்கு முன்னால் காலணா

கேள்வி: நம்பவே முடியாத சம்பவத்தை வாசகர் நம்பும்படி எழுதுவது எப்படி?

பதில்: கதாநாயகனின் சட்டைப்பையைத் துழாவுங்கள்! புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைக்குக் கடவுளே வருகிறார். இடியில்லை, மின்னலில்லை. பிராட்வே முனையில் நிற்கும் பிள்ளை, திருவல்லிக்கேணிக்கு டிராமில் போனால் வெற்றிலைக்குக் காலணா மிஞ்சுமா, பஸ்ஸில் போனால் அரைக் கப் காப்பி கிடைக்குமா என்று கணக்குப் போடுகிறார். (கண்டக்டரை ஏமாற்றும் திட்டமும் அதில் உண்டு. என்ன அழகான கணக்கு!) அந்தக் காலணாவை நம்பிய வாசகர், அடுத்து வழி கேட்டு வரும் கடவுளையும் நம்பிவிடுகிறார். உங்கள் கதையில் பேயே வரட்டும். அதற்கு முன் நாயகன் பால் பாக்கிக்கு என்ன பதில் சொன்னான் என்று எழுதுங்கள். புதுமைப்பித்தன் கதையில் கடவுள் காப்பி குடித்துவிட்டு நூறு ரூபாய் நோட்டை நீட்டும்போது, நமக்கும் சில்லறைக் கவலைதான் வருகிறது.