சக்கரம் வைத்த நகராட்சி

படுக்க இடம், சமைக்க அடுப்பு, கழிப்பறை ஆகிய மூன்றும் இருந்தால் போதும், அமெரிக்க வருமான வரித்துறை ஒரு மோட்டார்ஹோமை வீடு என்றே ஒப்புக்கொள்கிறது. அதை வாங்கிய கடனின் வட்டிக்கு, சில நிபந்தனைகளோடு, இரண்டாம் வீட்டுக்கு உரிய வரிச்சலுகையும் உண்டு. வரித்துறையே சொல்லிவிட்ட பிறகு மறுத்துப் பேச நாம் யார்? வீடுதான். ஆனால் ஒரு வீடு வீடாக இருப்பதற்கு அதன் சுவருக்கு வெளியே ஒரு பெரிய பட்டாளமே உழைத்துக்கொண்டிருக்கிறது. குழாயைத் திருகினால் தண்ணீர் வரக் குடிநீர் வாரியம், சுவிட்சைத் தட்டினால் விளக்கெரிய மின்வாரியம், கழிப்பறையில் தண்ணீரை ஊற்றியதும் போனது போனதாகவே இருக்கப் பாதாளச் சாக்கடை. இவர்களை நாம் நினைப்பது திட்டுவதற்காக மட்டுமே. மோட்டார்ஹோம் வாங்குகிறவர், இந்த அலுவலகங்களிடமிருந்து விடுதலை கிடைத்துவிட்டதாக நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார். அவர் விலைகொடுத்து வாங்குவதோ அந்த அலுவலகங்களைத்தான். இந்த வண்டியை வைத்திருப்பது, ஓட்டுவது, அதில் ஊர் சுற்றுவது பற்றிச் சொல்லக்கூடிய உருப்படியான யோசனைகள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கின்றன. சாவியை வாங்கிய நாள்முதல் நீங்கள் ஒரு நகராட்சி. கமிஷனரும் நீங்கள்தான், அடைப்பெடுக்க வருகிறவரும் நீங்கள்தான்.

இதற்குச் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. 1910-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ்-ஏரோ நிறுவனம் காட்சிக்கு வைத்த 'டூரிங் லாண்டோ' என்ற கார், மோட்டார்ஹோம் வம்சத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. பின்சீட்டை விரித்தால் படுக்கை. டிரைவர் சீட்டின் முதுகிலிருந்து மடக்கி இறக்கும் கைகழுவும் தொட்டி. அவசரத்துக்கு ஒரு சட்டி. முன்னால் இருக்கும் டிரைவரிடம் பேச ஒரு டெலிபோன். அந்தச் சட்டியை யார் கழுவியிருப்பார் என்று ஊகிக்க அந்த டெலிபோனே போதும். பிறகு 1915 முதல் 1924 வரை ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் தொழிலதிபர் ஃபயர்ஸ்டோன் ஆகியோர் பல கோடைகளில் காரில் கிளம்பிக் காட்டில் கூடாரமடித்து எளிய வாழ்க்கை வாழ்ந்தார்கள். அந்த எளிமையைச் சமைத்துப் பரிமாறச் சமையல்காரரோடு சமையலறை லாரியும் கூடவே போனது. நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் கேரவனும் இதே வம்சம்தான். கதாநாயகர் ஏறுகிறார், ஏ.சி. காற்றில் சாய்கிறார், ஷாட் ரெடி என்றதும் இறங்கிப் போகிறார். டேங்க் நிரம்பிவிட்ட சேதி அவர் காதுவரை எட்டுவதே இல்லை. விளம்பரத்தில் காட்டப்படும் சுகம் முழுக்க இந்தக் கதாநாயகரின் சுகம். வாங்கும் குடும்பத்துக்கோ கதாநாயகர் வேடத்தோடு யூனிட் ஆட்களின் வேலையும் சேர்ந்தே வருகிறது. விலைச்சீட்டில் அது மட்டும் எழுதியிருக்காது.

முதலில் சுகாதாரத் துறை. மோட்டார்ஹோமின் வயிற்றில் மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. மூன்றாவதை அமெரிக்கர்கள் 'பிளாக் டேங்க்' என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். முகாம் மைதானத்தில் சாக்கடை இணைப்பு கிடைத்ததும் புதியவர் செய்யும் முதல் காரியம், வால்வைத் திறந்தே விட்டுவிடுவது. வீட்டில் அப்படித்தானே இருக்கிறது என்பது அவர் நியாயம். ஆனால் நீர் மட்டும் வழிந்து போக, மற்றது தொட்டிக்குள்ளேயே தங்கிக் காய்ந்து, நாளடைவில் ஒரு சிறு குன்றாக எழும்பி நிற்கும். அதைக் கரைக்க எந்த மருந்தும் சுலபத்தில் உதவாது. ஆகவே வால்வை மூடியே வையுங்கள். மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். கறுப்பு முதலில், குளித்த தண்ணீர் அடுத்து. அப்போதுதான் பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் 3 அங்குலக் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். வரிசையை மாற்றினால், குழாயைச் சுருட்டி வைக்கும்போது என்ன ஆகும் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பவர்களை உத்தேசித்து இங்கே விவரிக்கவில்லை. இந்தத் துறையின் அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சிகாகோவில் 2004 ஆகஸ்ட் 8 அன்று நடந்ததைச் சொல்லலாம். ஓர் இசைக்குழுவின் பேருந்து கின்சி தெருப் பாலத்தைக் கடக்கும்போது அதன் ஓட்டுநர் கழிப்பறைத் தொட்டியைத் திறந்துவிட்டார். பாலத்தின் தளமோ இரும்புக் கம்பி வலை. சரியாக அந்த நேரத்தில் கீழே ஆற்றில், நகரத்தின் கட்டடக்கலையை அண்ணாந்து பார்த்து ரசித்தபடி ஒரு படகு நிறையச் சுற்றுலாப் பயணிகள் போய்க்கொண்டிருந்தார்கள். சுமார் 800 பவுண்டு, அதாவது 360 கிலோ. ஓட்டுநர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இசைக்குழு 2 லட்சம் டாலர் கட்டியது.

அடுத்தது தண்ணீரும் மின்சாரமும். பல வண்டிகளில் வெந்நீர்க் கொதிகலனின் கொள்ளளவு 6 காலன், ஏறக்குறைய 23 லிட்டர். எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கும் வழக்கமுள்ள ஒருவர் உள்ளே போனால், அடுத்தவர் குளிர்ந்த நீரின் மருத்துவ குணங்களைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மின்சாரத்தில் கணக்கு இன்னும் கறாரானது. 30 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட் வீதம் உங்களுக்குக் கிடைப்பது 3,600 வாட். கூரை ஏ.சி. ஒன்றே 1,500 வாட் அளவுக்கு இழுக்கும். மைக்ரோவேவ் கிட்டத்தட்ட அவ்வளவே. தலைமுடி உலர்த்தும் கருவி அதற்குச் சளைத்ததல்ல. மூன்றும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். வீட்டில் மின்வெட்டு என்றால் அமைச்சரைத் திட்டலாம். இங்கே அமைச்சர் கையில் டார்ச்சோடு பிரேக்கரைத் தேடிக்கொண்டிருப்பார். ஃபிரிட்ஜ் சங்கதி இதைவிட ருசிகரம். பல வண்டிகளில் உள்ள ஃபிரிட்ஜில் கம்ப்ரஸரே கிடையாது. கேஸ் சுடரால் அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கி, அந்தச் சூட்டைக் கொண்டே குளிர்ச்சியை உண்டாக்கும் ஏற்பாடு. சூடு காட்டினால் ஐஸ் தரும் இந்த அதிசயத்துக்கு ஒரே நிபந்தனை, தரை மட்டமாக இருக்க வேண்டும். கரைசல் தன் எடையாலேயே குழாய்களில் இறங்கி ஓட வேண்டியிருப்பதால், வண்டி சாய்ந்து நின்றால் அது ஓரிடத்தில் தேங்கிச் சூடேறிக் கடைசியில் ஃபிரிட்ஜையே கெடுத்துவிடும். அதனால் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை இயற்கைக் காட்சியைப் பார்ப்பதல்ல. கொத்தனாரைப்போல ரசமட்டத்தை வைத்து, தாழ்ந்த சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வீட்டை நிமிர்த்துவது. சமையலுக்கும் ஒரு வார்த்தை: அந்தச் சின்ன அறையில் மிளகாய் வற்றலைத் தாளித்தால் புகை அலாரம் ஊரையே கூட்டிவிடும். தாளிப்பை வெளியே, தனி அடுப்பில் வைத்துக்கொள்வது அலாரத்துக்கும் அண்டை வண்டிக்காரருக்கும் நல்லது.

இனி பொதுப்பணியும் போக்குவரத்தும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 26,000 பவுண்டு, அதாவது 11,800 கிலோ எடைவரை உள்ள மோட்டார்ஹோமை ஓட்டச் சாதாரணக் கார் லைசென்ஸ் போதும். நேற்றுவரை சிறிய காரில் காய்கறி வாங்கப் போனவர், இன்று படுக்கையறையோடு நெடுஞ்சாலையில் இறங்கச் சட்டத்தில் தடையில்லை. தடையெல்லாம் பாலங்களில்தான். வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில், 11 அடி 8 அங்குல உயரமே இருந்த ஒரு ரயில் பாலம் லாரிக் கூரைகளை டப்பா மூடியைப்போல உரித்தே புகழ்பெற்றது. எச்சரிக்கைப் பலகைக்கும் விளக்குக்கும் அங்கே குறைவில்லை. 2019-இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் மோதுகிறவர்கள் மோதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூரை ஏ.சி.யோடு சேர்த்துப் பெரிய மோட்டார்ஹோமின் உயரம் 12, 13 அடி வரும். காருக்கான வழிகாட்டிக் கருவிக்கு அது தெரியாது. உங்கள் உயரத்தை அடியிலும் மீட்டரிலும் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவையுங்கள். வளைவில் இன்னொரு சங்கடம். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் உடல், நீங்கள் இடப்பக்கம் திருப்பும்போது வலப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்க் தூண்கள் இதைப் பட்டறிந்திருக்கின்றன. பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று வழிசொல்ல வேண்டும். 'வரலாம், வரலாம், ரைட்டு' என்று நம் கண்டக்டர் மரபில் தொடங்கும் இந்த உரையாடல் பல தம்பதியரிடையே வேறு திசையில் போய் முடிவதுண்டு. நீங்கள் கண்ணாடியில் பார்க்க முடியாத இடத்தில் அவர் நின்றால், அவர் காட்டும் சைகைக்குப் பயனில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிவையுங்கள். பால் வாங்க வீட்டையே ஓட்டிக்கொண்டு போக முடியாது என்பதால் பலர் பின்னால் ஒரு காரையும் கட்டி இழுக்கிறார்கள். நான்கு சக்கரமும் தரையில் உருளும்படி கட்டினால், சில அடிகளுக்கு மேல் பின்னால் எடுக்க முடியாது. ஆகவே முட்டுச்சந்துக்குள் நுழைவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதும் முதல் ஆட்சேபம் வரும்: ஹோட்டல் செலவு மிச்சமாகிறதே? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோலில் ஓடும் பெரிய வண்டி ஒரு காலனுக்கு 8 மைல் கொடுத்தால் அதுவே பெரிது. நம் கணக்கில் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டருக்கும் குறைவு. முகாம் மைதானத்துக்கு இரவு வாடகை. இன்சூரன்ஸ். பல குடியிருப்புகளில் சொந்த வீட்டு வாசலிலேயே இதை நிறுத்தக்கூடாது என்று விதி இருப்பதால், ஆண்டின் பெரும்பகுதி இது சும்மா நிற்பதற்கும் வாடகை. ஓடாமல் நின்றாலும் டயர் கிழடாகும். பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கும் டயர் ஆறேழு ஆண்டில் ரப்பர் வெடித்துப் போவதுண்டு. பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்று சொல்லும், அதைப் படித்த பிறகே பழைய வண்டிக்கு விலை பேசுங்கள். கூரை இணைப்புகளின் பூச்சை ஆண்டுக்கு இருமுறையாவது ஏறிப் பார்க்காவிட்டால், மழைநீர் ஓசையின்றி உள்ளே இறங்கிச் சுவரை ஊதவைக்கும். இந்த வீட்டின் விலையோ மற்ற வீடுகளைப்போல ஏறாது, காரைப்போல இறங்கும். ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டுமே போகிறவர், இதே பணத்தில் நல்ல ஹோட்டலில் தங்கி, யாரோ ஒருவர் துவைத்த துண்டில் முகம் துடைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: பணம் கிடக்கட்டும், சுதந்திரம்? நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்தபோது கிளம்பலாமே? பாதி உண்மை. புகழ்பெற்ற தேசியப் பூங்காக்களில் இரவு தங்க மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். தீபாவளி ரயில் டிக்கெட்டுக்கு விடிகாலையில் மல்லுக்கட்டியவர்களுக்கு அந்த அனுபவம் புதிதாக இராது. மீதிப் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் நில நிர்வாகத் துறை வசமுள்ள பரந்த வெளிகளில், பெரும்பாலும் 14 நாள்வரை கட்டணமில்லாமல் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். அரிசோனாவின் குவார்ட்ஸைட் என்ற சின்னப் பாலைவன ஊர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இத்தகைய வண்டிகளால் நிரம்பி வழிகிறது. உண்மையான சுதந்திரம் அங்கே கிடைக்கிறது. ஆனால் அங்கே குழாய் இல்லை, மின்கம்பம் இல்லை, சாக்கடை இல்லை. சூரியத் தகடு எவ்வளவு தந்தது, தொட்டியில் எவ்வளவு மிச்சம், மற்ற தொட்டியில் எவ்வளவு ஏறியது என்று காலையும் மாலையும் கணக்கெடுக்க வேண்டும். வெளியாட்கள் எவ்வளவு குறைகிறார்களோ அவ்வளவுக்கு உங்கள் நகராட்சியின் வேலை கூடும்.

அப்படியானால் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் இதில் சந்தோஷமாகத் திரிகிறார்களே, அவர்களெல்லாம் ஏமாந்தவர்களா? இல்லவே இல்லை. அவர்கள் இந்த வேலையை விரும்புகிறவர்கள். வாஷரை மாற்றுவதில், வால்வைத் திருகுவதில், ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் வந்து நிற்பதைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு தனி நிறைவு. வாழ்நாள் முழுக்க யாரோ நடத்திய ஊரில் வரி மட்டும் கட்டியவர், கடைசியில் தானே ஓர் ஊரை நடத்துகிறார். நாலு பேர் வாழும் ஊரானாலும், எதற்கும் மனு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த இன்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வீட்டில் குழாய் ஒழுகினால் பிளம்பருக்குப் போன் போட்டுவிட்டுச் சோபாவில் சாய்கிறவருக்கு அது கிடைக்காது என்பதுதான் என் கட்சி.

எனவே வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். அந்த வாரத்தில் மெத்தையைச் சோதிக்க வேண்டாம், மெத்தை எல்லா வண்டியிலும் நன்றாகத்தான் இருக்கும். குழாயை மாட்டி, கறுப்புத் தொட்டியை நீங்களே ஒருமுறை காலிசெய்து பாருங்கள். கையுறையைக் கழற்றும்போது சிரிப்பு வந்தால் தாராளமாக வாங்கலாம். வராவிட்டால், அந்தக் கையுறையை இனி யார் போடுவது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பிறகு முன்பணம் கொடுங்கள்.