அமெரிக்கா போகும் பால்வாடி டீச்சர்

ஓய்வு பெற்ற பால்வாடி டீச்சரை அடையாளம் காண்பது சுலபம். வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரசாதத்துக்குக் கூட்டம் முண்டினால், "வரிசை! கைய கட்டு!" என்று ஒரு குரல் வரும். மீசை நரைத்தவர்கள்கூடக் கையைக் கட்டிக்கொள்வார்கள். பாதிப் பேர் அவரே மூக்கைத் துடைத்து வளர்த்தவர்கள். தறிச் சத்தத்தை மீறிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பழகிய தொண்டை அது.

சின்ன காஞ்சிபுரத்தில் இந்த வகையில் இப்போது ஒரு புதுக் கிளை: மகள் நியூஜெர்சியில் இருக்கும் டீச்சர். "பேரனைப் பாத்துக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டால் முகம் சுருங்கும். "ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளியில சேவை. சம்பளம் கிடையாது, தன்னார்வலர்." அங்கே பெற்றோரே கூடி வாரக் கடைசியில் தமிழ் வகுப்பு நடத்துவது உண்மைதான். மீதி ஆறு நாள் என்ன வேலை என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். அதுவும் சம்பளமில்லாத சேவைதான்.

அப்படி ஒரு டீச்சர், தெருவில் ஒப்புக்கொள்ளாத உண்மையைச் சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரக ஜன்னலில் மட்டும் சொன்னார்: "பேரனைப் பாக்க." மகள் அப்படித்தான் மனப்பாடம் செய்வித்திருந்தாள்.

"அவ்ளோ தூரம் போய் இன்னா பண்ணப் போற டீச்சர்?" என்றார் எதிர்வீட்டு நெசவாளர்.

"ஏன், நம்மூரு அண்ணா போகலையா? 1968ல யேல் பல்கலைக்கழகத்துலயே கூப்பிட்டாங்களே!"

"அவரு பெரிய பேச்சாளர்."

"பேராசிரியருங்க உக்காந்து கேப்பாங்க. நாலு வயசுப் புள்ளைங்கள உக்கார வெச்சுப் பேசச் சொல்லு பாப்போம்."

டீச்சர் 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கிய கையோடு வேலைக்குச் சேர்ந்தவர். முட்டை வேண்டாம் என்று வாயைப் பொத்தும் பிள்ளையிடம், மஞ்சள் கருவைச் சூரியன் என்று காட்டி, "சூரியனை யார் முழுங்குறது?" என்று பந்தயம் கட்டுவார். சூரியன் அங்கேயும் இருக்கிறது, ஆகவே இந்த வித்தை அமெரிக்காவிலும் செல்லும் என்பது அவர் நம்பிக்கை. "அத்தை, சத்தமா பாடினா கீழ்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார்" என்று மாப்பிள்ளை எச்சரித்தார். "வரட்டும். அவருக்கும் புள்ள இருக்கும், கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க."

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோயில் இட்லி செய்து போடுவதும் திட்டத்தில் உண்டு. அதை வேகவைக்க மந்தாரை இலைக் கட்டு பெட்டியில் ஏறியது. "இலை தழையெல்லாம் விமான நிலையத்துல பிடுங்கிடுவாங்கம்மா" என்று மகள் அலறியதும் இறங்கியது. "போகுது, டம்ளர்ல ஊத்தி வேக வெச்சுக்கலாம்" என்று ஆறு எவர்சில்வர் டம்ளர் ஏறின.

பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. டீச்சரிடம் சொந்தக் காசில் வாங்கிய தொங்கு தராசு உண்டு. கைக்குழந்தைகளைத் துணித் தொட்டிலில் போட்டு எடை பார்ப்பது, 25 கிலோ வரை காட்டும். உத்தரத்தில் மாட்டிப் பெட்டியைத் தொங்கவிட்டார். முள் 18இல் நின்றது. "எடை குறைவு. ஆரஞ்சுக் கட்டம்" என்று குழந்தைகளின் வளர்ச்சி அட்டைக் கணக்கில் தீர்ப்புச் சொல்லி, சத்துமாவு மூன்று கிலோ ஊட்டினார். அப்புறம் சாம்பார் பொடி, சுக்கு. 23இல் முள் நின்றதும், "பச்சைக் கட்டத்துக்கு வந்துட்டான்" என்று பெட்டியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த நேரம் வீடியோவில் மகள் வந்தாள். பேரன் 38 பவுண்டு, சரியான எடை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டீச்சர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பதினேழு கிலோ சொச்சம்.

"கணக்கு சரி. எந்தத் தராசுல பாத்தாராம்?"

மகளுக்குத் தெரியவில்லை. டீச்சருக்கு அது போதும். தராசைக் கழற்றித் துடைத்து, சத்துமாவுக்கும் டம்ளருக்கும் நடுவே வைத்துப் பெட்டியைப் பூட்டினார். இப்போது பெட்டி எத்தனை கிலோ என்று பார்க்கத்தான் தராசு இல்லை.