ஓடினாலும் ஃபாஸ்ட், நின்றாலும் ஃபாஸ்ட்

ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லைக் கேட்காத காது நம் ஊரில் இல்லை. அந்த ஒரே சொல்லைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த வாரம் இடம்.

கே: ‘ஃபாஸ்ட்’ என்றால் வேகம். அசந்து தூங்குகிறவரை ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்கிறார்களே, வேகமாகத் தூங்க முடியுமா? (வாசகர், ஈரோடு)

ப: முடியாது. ஆனால் அசையாமல் தூங்கலாம். இந்தச் சொல்லுக்கு மூத்த பொருள் உறுதி, அசையாமை. வேகம் பின்னால் பிறந்த பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் ஆழ நட்ட கம்பம் ஃபாஸ்ட், இறுகப் பூட்டிய கதவு ஃபாஸ்ட். பிடித்த பிடியை விடாத தூக்கமும் அப்படித்தான். ‘ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்பவர்களும் இணைபிரியாத நண்பர்கள்தான். சட்டென்று பழகிக்கொண்டவர்கள் என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

கே: அசையாமல் நின்ற சொல் ஓடத் தொடங்கியது எப்படி? (வாசகி, திருநெல்வேலி)

ப: ஒரே நாளில் ஓடிவிடவில்லை. முதலில் ‘உறுதியாக’ என்றிருந்தது ‘பலமாக’ ஆயிற்று. உறுதியாகப் பிடி, பலமாக அடி, விடாமல் ஓடு. விடாமல் முழு மூச்சாக ஓடுகிறவன் வேகமாகத்தானே ஓடுவான்? துரத்துகிறவன் முன்னே ஓடுகிறவனை ஒட்டியே போக வேண்டும் என்றாலும் வேகம் வேண்டும். இப்படி ஒட்டுவதும் ஓடுவதும் இடைக்கால ஆங்கிலத்திலேயே ஒரே சொல்லுக்குள் குடியேறிவிட்டன.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள விநோதம் என்று நினைப்பவர்கள் தொல்காப்பியத்தின் உரியியலைத் திறந்து பாருங்கள். ‘கடி’ என்ற ஒரு சொல்லுக்கு அங்கே பத்துப் பொருள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அவற்றில் காப்பும் ஒன்று, விரைவும் ஒன்று. பகைவர் நெருங்காதபடி காவலில் வைத்த மரம் கடிமரம். ‘கடிது வா’ என்றால் விரைந்து வா. ‘ஃபாஸ்ட்’ பிறந்த வேருக்கும், அதன் பழைய உறவுமொழியான கோதிக்கில், காத்தல் என்ற பொருள் உண்டு. உறவே இல்லாத இரண்டு மொழிகள், காவலில் நின்ற சொல்லையே ஓடவும் விட்டிருக்கின்றன. எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

கே: என் மகள் ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். சரிதானா? (வாசகர், கரூர்)

ப: ஆசிரியர் செய்தது சரி. பெயருக்கு முன்னால் வந்தாலும் வினைக்குப் பின்னால் வந்தாலும் அது ஃபாஸ்ட்தான், வால் வேண்டாம். ஆனால் மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த வடிவம் பழைய ஆங்கிலத்தில் இருந்தது, ‘உறுதியாக’ என்ற பொருளில். பிறகு வழக்கொழிந்தது.

கே: உண்ணாவிரதத்துக்கும் ‘ஃபாஸ்ட்’ என்ற பெயர் வந்தது தற்செயலா? (வாசகி, காரைக்குடி)

ப: இல்லை, அதே வேர். கட்டுப்பாட்டை உறுதியாகக் கடைப்பிடிப்பது என்ற பொருளிலிருந்து உணவை விலக்கும் விரதத்துக்கு வந்தது. விரதத்தை முறிக்கும் வேளைதான் ‘பிரேக்ஃபாஸ்ட்’. தமிழிலும் நோன்பையும் நோன்மையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோன்மை என்றால் வலிமை, பொறுத்தல். பட்டினியை வெறும் பட்டினியாக இரண்டு மொழிகளும் பார்க்கவில்லை.

கே: என் தாயாரின் சளிப் பரிசோதனைச் சீட்டில் ‘ஆசிட் ஃபாஸ்ட்’ கிருமி இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். நோய் வேகமாகப் பரவுகிறது என்று பொருளா? வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறோம். (வாசகர், திண்டுக்கல்)

ப: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள் ஐயா. இங்கே வேகத்துக்கு இடமே இல்லை. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றிச் சூடு காட்டுவார்கள். பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்றக் கிருமிகள் பெரும்பாலும் சாயத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமியின் மேலுறையில் மெழுகு போன்ற கொழுப்பு நிறைய உண்டு, அதனால் அது சாயத்தை விடாது. அடுத்து நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால், நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். அமிலத்துக்கும் அசையாமல் நிறத்தைப் பிடித்துவைத்திருப்பதால்தான் ‘ஆசிட் ஃபாஸ்ட்’. ராபர்ட் கோக் இந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்தது 1882இல். அமிலத்துக்கு மசியாத அதன் குணத்தை பால் எர்லிக் கண்டதும் அதே ஆண்டில்தான்.

பக்கத்தில் 1+, 2+ என்று குறித்திருந்தால், அது தகட்டில் எத்தனை கிருமி தென்பட்டது என்ற கணக்கு. அதுவும் வேகத்தைச் சொல்லவில்லை. மருத்துவரிடம் தாமதிக்காமல் போங்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். வழக்கமான காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாத மருந்து, நடுவில் நிறுத்தக் கூடாது. வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் சேர்ந்ததற்கு ஈடாகக் குணமாகும் என்று உலகுக்குக் காட்டியது, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான். தாயாருக்கு இதையும் சொல்லுங்கள்.

கே: கல்பாக்கத்தின் ‘ஃபாஸ்ட் பிரீடர்’ உலை எரிபொருளை வேகமாக உண்டாக்குமா? (மாணவர், செங்கல்பட்டு)

ப: வேகம் நியூட்ரானுடையது. சாதாரண உலைகளில் தண்ணீரோ கனநீரோ நியூட்ரானின் வேகத்தைத் தணிக்கும். இந்த உலையில் அதைத் தணிப்பதில்லை, வெப்பத்தை எடுத்துச் செல்லத் திரவச் சோடியத்தை ஓடவிடுகிறார்கள். செலவழிப்பதைவிட அதிக எரிபொருளை ஈனுவதால் ‘பிரீடர்’, அதாவது ஈனுலை. கல்பாக்கத்தின் சோதனை ஈனுலை 1985இல் இயங்கத் தொடங்கியது.

கே: ஜவுளிக்கடையில் ‘ஃபாஸ்ட் கலர்’ என்றால் சாயம் வேகமாகப் போகும் என்று நினைத்து வாங்காமல் வந்துவிட்டேன். (வாசகி, சேலம்)

ப: திரும்பப் போய் வாங்குங்கள். சாயம் துணியை விடாது என்றுதான் கடைக்காரர் சொன்னார். துவைத்தால் எவ்வளவு நிற்கும் என்பதை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். வெயிலுக்கு 1 முதல் 8 வரை. எண் கூடக் கூட நிறம் உறுதி.

சாயம் போயும் புகழ்பெற்ற துணி ஒன்றும் உண்டு. நம் மெட்ராஸ் கட்டம்தான். தாவரச் சாயம் ஒவ்வொரு துவைப்பிலும் கசிந்து ஒன்றோடொன்று கலந்தது. 1960களில் அமெரிக்காவில், நிறம் கசியும் என்று உத்தரவாதம் கொடுத்தே அதை விற்றார்கள், இளைஞர்கள் விரும்பி உடுத்தினார்கள்.

கே: ‘ஃபாஸ்ட் அண்ட் லூஸ்’ விளையாடுகிறான் என்றால்? (வாசகர், மதுரை)

ப: சொன்ன சொல்லில் நிற்கவில்லை என்று பொருள். ஷேக்ஸ்பியர் காலத்துச் சந்தைகளில் ஒரு மோசடி விளையாட்டு இருந்தது. மடித்து வைத்த வாரில் குச்சியைக் குத்தி, வார் சிக்கும் என்று பந்தயம் கட்டுவான் ஏமாளி. வித்தைக்காரன் இழுத்தால் வார் உருவிக்கொண்டு வந்துவிடும். சிக்கியது ஃபாஸ்ட், உருவியது லூஸ்.

கே: ஜெர்மன் மொழியில் ‘ஃபாஸ்ட்’ என்றால் ‘ஏறக்குறைய’ என்கிறார்கள். வேறு சொல்லா? (வாசகர், டோர்ட்முண்ட்)

ப: ஒரே வேர்தான். ஆங்கிலத்தில் ஓடிய சொல், ஜெர்மனில் எல்லைக்கு மிக அருகில் வந்து நின்றுவிட்டது. உறுதி என்ற பழைய பொருளை அங்கே ‘ஃபெஸ்ட்’ காப்பாற்றுகிறது.

கே: இத்தனை பொருளையும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? (ஆசிரியை, அறந்தாங்கி)

ப: ‘ஃபாஸ்ட் – வேகமான’ என்று கரும்பலகையில் தனியாக எழுதாதீர்கள் டீச்சர். ரயில், சாயம், தூக்கம், நண்பன், கடிகாரம் என்று ஐந்து பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் முன்னாலும் இந்தச் சொல்லை வைத்து, அங்கே என்ன பொருள் தருகிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். ஓடுவது எது, ஒட்டிக்கொள்வது எது என்று அவர்களே பிரித்துவிடுவார்கள். கடிகாரத்தில் மட்டும் கொஞ்சம் உதவி தேவைப்படும். அது வேகமாக ஓடியிருக்கலாம், வெறுமனே ஐந்து நிமிடம் முன்னால் வைக்கப்பட்டும் இருக்கலாம்.

கே: பெல்ஃபாஸ்ட் நகரமும் இந்தக் குடும்பமா? (வாசகர், நாகர்கோவில்)

ப: இல்லை. அது ஐரிஷ் பெயர். மணல்திட்டு இருக்கும் ஆற்று முகத்துவாரம் என்று பொருள்.